பழைய மோட்டார் சைக்கிள் மக்கர் செய்தால்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கீழே பார்க்கிங்கில் மாதக்கணக்கில் தூசி படிந்து நிற்கும் இருசக்கர வண்டிகளை உரிமையாளர்கள் ஓட வைக்க வேண்டும், அல்லது அப்புறப்படுத்த வேண்டும் என்று. நியாயமான தீர்மானம். ஆனால் அதன் பிறகு லிஃப்டிலும் மாடிப்படியிலும் என்னிடம் பேசியவர்கள் பலர் ஒரே மாதிரி சொன்னார்கள்: "சார், அது ஓடாது. காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான்." ஏன் ஓடாது என்று கேட்டால் பதில் இல்லை. என்ன கோளாறு என்று தெரியாமலேயே ஒரு வண்டியை எடைக்குப் போடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால்தான் செயலாளரிடம் கேட்டு இந்த அரை மணி நேரத்தை வாங்கினேன்.

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. மாலையில் கணக்கு டேலி ஆகாவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அப்போது எங்கள் மூத்தவர்கள் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். உடனே லெட்ஜரைப் புரட்டாதே, முதலில் வித்தியாசத் தொகையைப் பார். அது ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540 என்பது 450 ஆகியிருக்கும். அந்தத் தொகையின் சரிபாதிக்கு ஒரு பதிவு இருந்தால், பற்றில் வர வேண்டியது வரவில் விழுந்திருக்கலாம். அதாவது தவறே தன் முகவரியைச் சொல்லும். பழைய மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். அது எப்படி மக்கர் செய்கிறது என்பதிலேயே எங்கே கோளாறு என்பதற்குப் பாதி விடை இருக்கிறது.

பழைய வண்டி என்று நான் சொல்வது கார்புரேட்டர் வைத்த வண்டிகளை. நம் பார்க்கிங்கில் நிற்பவை பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350. அதில் பாயிண்ட், கண்டென்சர், பேட்டரி எல்லாம் உண்டு. இரண்டாவது, 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, அதன் பின் வந்த ஸ்பிளெண்டர் போன்ற நூறு சிசி வண்டிகள். இவற்றில் பாயிண்ட் கிடையாது, சிடிஐ என்ற சின்னப் பெட்டி அந்த வேலையைச் செய்யும். மூன்றாவது, யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகள். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. எஞ்சின் ஓட மூன்று பொருள் வேண்டும்: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், சரியான நேரத்தில் ஒரு நல்ல தீப்பொறி, அந்தக் கலவையை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன். எந்த மக்கரும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும்.

கருவியைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்து ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது தொந்தரவா, சூடான பிறகா? மெதுவாகப் போகும்போதா, முறுக்கும்போதா? நிற்கும்போது இருமி இருமி நிற்கிறதா, சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நிற்கிறதா? எவ்வளவு நாள் நிறுத்தி வைத்திருந்தீர்கள்? கடைசியாக அதில் யார் என்ன வேலை செய்தார்கள்? இந்த ஐந்தாவது கேள்வி முக்கியம். கோளாறு தொடங்கியதற்கு முந்தைய நாள் யாராவது கை வைத்திருந்தால், முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பொதுவாக, பெட்ரோல் தட்டுப்பட்டால் வண்டி இருமி, இழுவை குறைந்து, பிறகு நிற்கும். கரண்ட் போனால் பேச்சின் நடுவே மைக் போனது போல ஒரே நொடியில் நிற்கும். நூற்றுக்கு நூறு இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேடலை எந்தப் பக்கம் தொடங்குவது என்பதற்கு இது போதும்.

முதலில் பெட்ரோல் பக்கம் வருவோம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இருக்கும் பெட்ரோலை நம்பாதீர்கள். அதில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டிருக்கும். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு அந்தப் பகுதிதான் தேவை. இன்னொன்று, இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மிஞ்சினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதிப் போகலாம், வெடிப்பு விடலாம். ஆகவே டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கோ, துருவோ தெரிந்தால் டேங்கை முழுவதும் காலி செய்து சுத்தம் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

அடுத்தது டேங்க் மூடி. அதில் காற்று போக ஒரு சின்ன வழி இருக்கும். அது அடைபட்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, கார்புரேட்டருக்கு வரத்து நின்றுவிடும். வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் நன்றாக ஓடி, இருமி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

நம் குடியிருப்பிலேயே ஒரு நண்பருக்கு இது நடந்தது. அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவருடைய நூறு சிசி வண்டிக்கு இரண்டு பட்டறைகளில் ப்ளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள், கார்புரேட்டருக்குப் புது கிட் போட்டார்கள். ஒரு நாள் மாலை, மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது பாதியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் லாரி. ஓட்டுநர் நல்லவேளை பார்த்து ஒதுங்கினார். மறுநாள் வண்டியைப் பார்த்தபோது மூடியின் துளையில் வாக்ஸ் பாலிஷும் தூசியும் சேர்ந்து கெட்டியாக அடைத்திருந்தது. ஊசி முனையால் எடுக்க ஒரு நிமிடம் ஆனது. மூன்று பாகங்கள் மாறின, கோளாறு அப்படியே இருந்தது. இது பணம் வீணான கதை என்று நினைக்காதீர்கள். ஓடும் சாலையில் நிற்கும் வண்டி உயிருக்கு ஆபத்து. கண்டுபிடிப்பதில் அக்கறை காட்டச் சொல்வது அதற்காகத்தான்.

இனி கார்புரேட்டர். இதைச் சோதிக்க சோக் ஒன்றே போதும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சோக்கை இழுத்தால் வண்டி நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் பெட்ரோல் குறைவாக, காற்று அதிகமாகப் போகிறது. ஜெட் அடைப்பு, அல்லது எங்கோ காற்றுக் கசிவு. சோக்கை இழுத்தால் இன்னும் மோசமாகிறதா? பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல் ஓவர்ஃப்ளோ.

ஆக்சிலேட்டரை எந்த அளவு திருகும்போது தொந்தரவு என்பதும் ஒரு முகவரிதான். கைப்பிடியில் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டி, கால், அரை, முக்கால், முழு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலிங்கிலும் அதற்குச் சற்று மேலும் மட்டும் தொந்தரவு என்றால் ஸ்லோ ஜெட், ஏர் ஸ்க்ரூ பக்கம் பாருங்கள். காலிலிருந்து முக்கால் வரை என்றால் நீடில். முக்காலுக்கு மேல் என்றால் மெயின் ஜெட். நின்று கிடந்த வண்டிகளில் முதலில் அடைபடுவது ஸ்லோ ஜெட்தான். அதன் துளை மயிரிழை அளவு. அதைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதானால் அளவு கெட்டது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து எடுப்பதே முறை.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் இணைப்பு வெடித்திருந்தால் ஐடிலிங் தானாக ஏறி இறங்கும், ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட பட என்று வெடிக்கும். வண்டி ஐடிலிங்கில் இருக்கும்போது ஒரு பிரஷ்ஷில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டு அந்த இணைப்பைச் சுற்றித் தடவுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இரண்டாவது, தீப்பொறி. ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பது பாஸ்புக்கைப் பார்ப்பது போல. கடந்த சில நாட்களின் நடவடிக்கை அதில் பதிந்திருக்கும். இளம் பழுப்பு நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது தீப்பொறி பலவீனம். பெட்ரோலில் நனைந்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில் மேலே வருகிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் கலவையில் பெட்ரோல் போதாமல் எஞ்சின் அதிகச் சூடாகிறது. அதை உடனே கவனியுங்கள், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ப்ளக் இடைவெளி பாயிண்ட் வைத்த புல்லட்டுக்கு 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர், நூறு சிசி ஹீரோ ஹோண்டாவுக்கு 0.6 முதல் 0.7.

கரண்ட் வருகிறதா என்று பார்க்க, ப்ளக்கை அதன் தொப்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து கிக் செய்வார்கள். அப்போது ப்ளக்கை அது கழன்ற துளைக்கு அருகில் வைக்காதீர்கள். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும். துளையில் ஒரு பழைய ப்ளக்கைத் திருகி மூடிவிட்டு, சோதிக்கும் ப்ளக்கைத் தள்ளி வையுங்கள். நீல நிறத்தில் சுள்ளென்று பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, நூல் போல வந்தால் பலவீனம். கம்ப்ரஷனுக்கு உள்ளே அது அணைந்துவிடும்.

புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங்கும் பின்தங்கும். வண்டி சூடாகும், பிக்கப் மந்தமாகும். பாயிண்ட்டில் பளிச் பளிச் என்று பெரிய பொறி தெரிந்து, வண்டி மிஸ் அடித்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். உங்கள் ஹெட்லைட் மேலே இருக்கும் அம்மீட்டரும் உதவும். சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அமுக்கினால் அதன் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்வதும் நடுவுக்குத் திரும்புவதுமாக இருக்க வேண்டும். பாயிண்ட் மூடும்போது சாய்வு, திறக்கும்போது நடு. முள் அசையவே இல்லை, நடுவிலேயே நிற்கிறது என்றால் கரண்ட் பாயிண்ட் வரை போகவில்லை, அல்லது பாயிண்ட்டில் அழுக்கு. சாய்ந்தபடியே நிற்கிறது என்றால் பாயிண்ட் திறக்கவில்லை.

சிடிஐ வண்டிக்காரர்கள் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். கனெக்டர்களைக் கழற்றி, பச்சைப் பூஞ்சை போன்ற துருவைத் துடைத்து மாட்டுங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும். மழை நாளில் மட்டும் மக்கர் என்றால், இருட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு ப்ளக் ஒயரைப் பாருங்கள். ஒயர் விரிசல் விட்டிருந்தால் நீலப் பொறி வெளியே தாவுவது கண்ணுக்குத் தெரியும். கை வைக்காதீர்கள்.

மூன்றாவது, கம்ப்ரஷன். உங்கள் கால்தான் முதல் கருவி. கிக்கரில் முன்பிருந்த எதிர்ப்பு இல்லாமல் தொளதொளவென்று இறங்கினால், ப்ளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ப்ளக்கை மாட்டி மறுபடி கிக் செய்து பாருங்கள். எதிர்ப்பு கூடினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். கூடவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். வால்வு என்றதும் பயப்பட வேண்டாம்; டேப்பெட் அதிக இறுக்கமாக இருந்தாலும் வால்வு முழுதாக மூடாது. பழைய புல்லட்டில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் நிலையில், புஷ்ராடு விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் டேப்பெட் கிடையாது. அதில் இழுவை குறைந்தால் முதலில் சைலன்சர் உள்குழாயில் அடைத்திருக்கும் கரியைப் பாருங்கள்.

இப்போது ஒரு சின்ன பரீட்சை. இருபது நிமிடம் ஓடியபின் நிற்கிறது, ஆறியபின் ஓடுகிறது. என்ன கோளாறு? மூன்று விடைகள் உண்டு. மூடித் துளை அடைப்பு; சூடானால் கெடும் காயில் அல்லது கண்டென்சர்; சூடானால் இன்னும் இறுகும் டேப்பெட். பிரித்தறிய, வண்டி நின்ற அந்த இடத்திலேயே, ஓரமாக ஒதுக்கியபின் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்து, சிறிது நேரத்தில் ஸ்டார்ட் ஆனால் மூடிதான். இல்லையென்றால் கையோடு வைத்திருக்கும் உபரி ப்ளக்கில் கரண்ட் பாருங்கள். வரவில்லை என்றால் காயில் அல்லது கண்டென்சர். கரண்ட்டும் பெட்ரோலும் வருகிறது, கிக்கரில் எதிர்ப்பு இல்லை என்றால் டேப்பெட். ஆறிய பிறகு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால் மூன்றுமே சரியாகத்தான் இருக்கும். மெக்கானிக்கும் என்ன செய்வார்?

இன்னொரு ஆவணம் உங்கள் கையிலேயே இருக்கிறது: புகைப் பரிசோதனைச் சீட்டு. பலர் அதை மடித்து டூல் பாக்ஸில் போட்டுவிடுகிறோம். அதில் கார்பன் மோனாக்சைடு சதவீதமும், ஹைட்ரோகார்பன் அளவும் அச்சாகியிருக்கும். 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்கு வரம்பு 4.5 சதவீதமும் 9000 பிபிஎம்மும். அதற்குப் பின் வந்த பழைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு 3.5 சதவீதமும் 4500 பிபிஎம்மும். முதல் எண் அதிகமானால் பெட்ரோல் அதிகம் போகிறது. முதல் எண் குறைவாக இருந்து இரண்டாவது எண் மட்டும் எகிறினால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. தீப்பொறி தவறுகிறது, அல்லது கலவையில் பெட்ரோல் போதவில்லை, அல்லது வால்வு கசிகிறது. பழைய சீட்டுகளைச் சேர்த்து வைத்து ஒப்பிட்டால் வண்டியின் உடல்நலக் குறிப்பு அது.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ப்ளக்கை மாற்றினால் ஓட்டிப் பாருங்கள், தேதி போட்டு எழுதுங்கள், பிறகே அடுத்தது. நான்கையும் ஒன்றாக மாற்றி வண்டி சரியானால் எது கோளாறு என்று தெரியாது. சரியாகாவிட்டால் புதிதாக என்ன கெட்டது என்றும் தெரியாது.

மெக்கானிக்கிடம் போகும்போது வைத்தியத்தைச் சொல்லாதீர்கள், நோயைச் சொல்லுங்கள். "கார்புரேட்டர் சர்வீஸ் பண்ணுங்க" என்றால் அவர் அதைச் செய்து பணம் வாங்குவார். அது அவர் தவறல்ல. "சூடானதும் சட்டென நிற்கிறது, மூடி திறந்து பார்த்தேன், மாற்றமில்லை, கரண்ட் வரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். கை தேர்ந்தவர் முகம் மலரும். பாயிண்ட்டைக் காதால் கேட்டே சரிசெய்யும் மெக்கானிக்குகள் இப்போது குறைந்துவருகிறார்கள். அவர்களுக்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

முடிக்கும் முன் நம் வளாகத்துக்காகச் சில வார்த்தைகள். மூடிய பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். மீட்டர் போர்டு அருகே பெட்ரோல் இறக்காதீர்கள். பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும், குழந்தைகள் இருக்க வேண்டாம். இரவு வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடுங்கள். ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் பெட்ரோல் முழுவதும் தரையில் இருக்கும். மேலே தூங்குபவர்கள் நாம்தான்.

எல்லா வண்டியையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஃபிரேம் துருப்பிடித்து உளுத்துவிட்டதென்றால், பிரேக் நம்பமுடியாத நிலை என்றால் விடைகொடுப்பதே சரி. ஆனால் ஒரு ஜெட் அடைப்புக்காகவோ ஒரு மூடித் துளைக்காகவோ அப்பா ஓட்டிய வண்டி எடைக்குப் போக வேண்டாம். என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அதன் பிறகு எந்த முடிவும் சரிதான்.

வரும் மூன்று ஞாயிறுகளிலும் காலை ஏழு முதல் ஒன்பது வரை பின்பக்கத் திறந்த வெளியில் இருப்பேன். ஃபீலர் கேஜ், ப்ளக் ஸ்பேனர், ஒரு உபரி ப்ளக், கண்ணாடி பாட்டில், இவை என்னிடம் உண்டு. வண்டியையும் அந்த ஐந்து கேள்விகளுக்கான பதில் தாளையும் நீங்கள் கொண்டு வாருங்கள். வீட்டுப் பிள்ளைகளில் விருப்பமுள்ள பெரியவர்களையும் அழைத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.